பொட்டு வைத்த ஓவன்

தென்னேரி
3.10.2025, வெள்ளி

அகிலாவுக்கு,

போல்ட் வந்து சேர்ந்தது. பத்து கொடுத்தனுப்பினேன், வண்டிக்கு எட்டு போதும் என்று எட்டை அனுப்பியிருக்கிறாய். மிச்சம் இரண்டும் உன் முலாம் ஷெட்டிலேயே கிடக்கட்டும். விஜயதசமி அன்று வண்டியை எடுக்கலாம் என்று இருந்தேன். நீ ஒரு நாள் தாமதமாக அனுப்பி அதைக் கெடுத்தாய். வேலையைக் குறை சொல்ல முடியாது. மஞ்சள் ஜிங்க் முலாம் தங்கம் மாதிரி மின்னுகிறது. உன் அண்ணி மஞ்சுளா ஒரு போல்ட்டை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, "தோடு பண்ணிக்கலாம் போலகீதே" என்றாள்.

மத்தியானமே எட்டையும் முன்சக்கர பிரேக்கில் மாட்டி, டார்க் ரெஞ்ச் வைத்து அளவு பார்த்து முடுக்கிவிட்டேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கிக்கொண்டு வெளியே எடுத்தேன். ஏரிக்கரை ரோட்டில் வேகம் பிடித்துச் சட்டென்று பிரேக் அடித்துப் பார்த்தேன். நினைத்த இடத்தில் நின்றது. முப்பது வருஷத்து அம்பாசிடருக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் மாட்டுகிறானே, பைத்தியமா என்று கேட்டவர்கள் இப்போது வந்து பார்க்கட்டும்.

வரும் 12ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, திருத்தணிக்குப் போகிறோம். குழந்தை கீர்த்திக்கு முதல் மொட்டை. மலைமேல் வரைக்கும் இந்த வண்டியிலேயே ஏறி இறங்கப்போகிறேன். அத்தை என்று அவளுக்கு நீ ஒருத்தி இருக்கிறாய், அதனால் சொல்லிவிட்டேன். வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தாலும் நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். முருகன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினவன் நான். பேசமாட்டேன் என்றுதான் பண்ணினேன், எழுதமாட்டேன் என்று பண்ணவில்லை. அதனால்தான் இரண்டு வருஷமாக கண்டக்டர் வேதகிரி நமக்கு நடுவில் தபால்காரனாக அல்லாடுகிறான்.

தினகரன்


உத்திரமேரூர்
4.10.2025, சனி

அண்ணா,

கோபப்படாதே. கோபம் வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படி. அந்த எட்டு போல்ட்டையும் கழற்றிவிடு. கழற்றும் வரை வண்டியை எடுக்காதே.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன் போல்ட்டுகளுக்கு ஜிங்க் ஏற்றி முடித்தேன். அடுத்த நாள் ஆயுத பூஜை, காஞ்சிபுரத்தில் மாமியார் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. ஷெட்டில் வேலை செய்யும் செங்கேணியிடம், "இத்த உடனே ஓவன்ல வச்சிடு, எட்டு மணி நேரம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவனும் சரிக்கா என்றான். திரும்பி வந்தபோது போல்ட் எல்லாம் சூடு காட்டி, மஞ்சள் தண்ணீரில் முக்கி, தயாராக இருந்தது. உனக்கு அனுப்பிவிட்டேன்.

இன்று காலையில் ஓவன் கதவைத் துடைக்கப் போனேன். சந்தனமும் குங்குமமும் சூட்டில் கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. சும்மாதான் கேட்டேன், எப்போது பொட்டு வைத்தாய் என்று.

"செவ்வாக்கெயமையே வச்சிட்டேன்க்கா. கழுவித் தொடச்சி, பொட்டு வச்சி, மாலையும் போட்டுட்டேன்."

"அப்ப போல்ட்டு?"

"பொட்டு வச்ச மெஷின எப்படிக்கா ஆன் பண்றது? சாமி குத்தம் ஆயிடாது? வியாயக்கெயம காலைல கற்பூரம் காட்டிட்டு, எட்டு மணி நேரம் வுடாம சுட்டுட்டேன்."

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆயுத பூஜை அன்று நானும்தான் ஸ்பேனரைத் தொடமாட்டேன்.

உனக்குப் பாதி தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். ஆசிட்டில் கழுவும்போதும் ஜிங்க் ஏற்றும்போதும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துகொள்ளும். சாதாரண போல்ட்டுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. நீ வாங்கியதோ தலையில் 12.9 என்று போட்ட ஹை டென்சில். கெட்டியான இரும்புக்குத்தான் இந்த வியாதி வரும். ஜிங்க் ஏறின கையோடு ஓவனில் வைத்தால் வாயு வெளியே போய்விடும். ஒரு ராத்திரி, ஒரு பகல், இன்னொரு ராத்திரி என்று கிடந்தால் உள்ளே மயிரிழை மாதிரி விரிசல் விட்டிருக்கலாம். அதற்கப்புறம் எவ்வளவு சுட்டாலும் அந்த விரிசல் ஒட்டாது. வெளியே பார்த்தால் நீ சொன்னபடி தங்கம்தான். விரிசல் இருக்கிறது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். இல்லை என்றும் பண்ணமாட்டேன்.

புதிதாக எட்டு போல்ட் வாங்கி இதோடு அனுப்புகிறேன். கடையில் கொடுத்த கறுப்பு நிறத்திலேயே மாட்டு. துரு பிடிக்கும், ஆனால் உடையாது.

அண்ணியிடம் நான் சொல்லவில்லை. போன தடவை மாதிரி உன்னை மீறி யாரிடமும் போய்ச் சொல்லமாட்டேன். உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். தயவுசெய்து கழற்றிவிடு.

அகிலா

கீழே தினகரன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாயே, நான் என்ன பேங்க் மேனேஜரா?


தென்னேரி
6.10.2025, திங்கள்

அகிலாவுக்கு,

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உனக்குச் சின்ன வயதிலிருந்தே இது உண்டு. கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நீ.

கூரம் கிராமத்து நமச்சிவாயம் வண்டிக்கும் இப்படித்தான் சொன்னாய். என் பட்டறையில், என்னை வைத்துக்கொண்டே, "இந்த பிரேக்க நம்பி பொண்டாட்டி புள்ளைய ஏத்தாதீங்க" என்று அவரிடம் சொன்னாய். நாலு பேர் டீ குடித்துக்கொண்டு கேட்டார்கள். என்ன ஆச்சு? போன மாதம்கூட அதே வண்டியில், அதே பிரேக்கில், என் பட்டறை வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அவர் நன்றாகத்தான் இருக்கிறார். என் பட்டறைக்கு வந்துகொண்டிருந்த கூட்டம்தான் செத்துப்போனது. அதற்குத்தான் கற்பூரம் அணைத்தேன், மறந்துவிட்டாயா?

நீ அனுப்பிய கறுப்பு போல்ட் டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது. கழற்றி மாட்டினால் ஒரு மணி நேர வேலை, தெரியும். செய்யமாட்டேன். கழற்றினால் ஏன் என்று மஞ்சுளா கேட்பாள். காரணம் சொன்னால் அவள் வண்டியில் ஏறமாட்டாள். அவள் ஏறவில்லை என்றால், சொந்தப் பொண்டாட்டியே ஏறாத வண்டி என்று தென்னேரி முழுக்கப் பேசும். இந்த வண்டியோடு என் தொழிலும் போய்விடும். ஏரிக்கரையில் அத்தனை வேகத்தில் பிடித்த பிரேக், எட்டு மணி நேரம் ஓவனில் இருந்த போல்ட், இதற்குமேல் என்ன வேண்டும்?

சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாய். கேட்டுக்கொண்டேன். இத்தோடு விடு.

தினகரன்


உத்திரமேரூர்
7.10.2025, செவ்வாய்

அண்ணா,

சொன்னால் விரோதம் என்பார்கள். ஏற்கெனவே விரோதிதான், அதனால் சொல்கிறேன்.

நமச்சிவாயம் விஷயத்தில் நான் தப்பாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அவர் நன்றாக இருப்பதில் எனக்கு வருத்தமா? இந்தத் தடவையும் நான் தப்பாக இருந்தால், ஊரைக் கூட்டி உன் காலில் விழுகிறேன். ஆனால் நீ ஏரிக்கரையில் பிரேக் அடித்துப் பார்த்தது இதற்குச் சோதனையே இல்லை. இந்தப் போல்ட் பிரேக் அடிக்கிற வேகத்தில் உடையாது. முடுக்கி வைத்தோமே, அந்த இழுப்பிலேயே இருந்து இருந்து, ஒரு நாள் ஒருத்தரும் தொடாமல் நிற்கும்போதே டிக் என்று தலை தெறித்துவிடும். ஒரு மணி நேரத்தில் ஆகலாம், பத்து நாளிலும் ஆகலாம், ஆகாமலே போகலாம். அதுதான் என்னைக் கொல்கிறது.

நீ கொடுத்ததில் மிஞ்சிய இரண்டையும் ஒரு இரும்புக் கட்டையில் துளை போட்டு, நீ வைக்கிற அதே அளவுக்கு முடுக்கி, ஷெட்டில் மேஜைமேல் வைத்திருக்கிறேன். எந்த வேலை செய்தாலும் ஒரு கண் அதன்மேல்தான். உடைந்தால் வேதகிரியிடம் கொடுத்து அனுப்புகிறேன், அப்போதாவது நம்புவாய். உடையட்டும் முருகா என்று வேண்டிக்கொள்கிறேன். அடுத்த நிமிஷமே, உடைந்தால் உன் வண்டியில் இருக்கும் எட்டும் அப்படித்தானே என்று, உடையவேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். முருகனுக்கே நான் பேஜார்.

குழந்தைக்கு மொட்டை போட்டு மலையிலிருந்து இறங்கும்போது உன் கால் பிரேக்கில்தான் இருக்கும். அதை நினைத்துக்கொள். வேறு எதையும் நினைக்கவேண்டாம்.

அகிலா


தென்னேரி
9.10.2025, வியாழன்

அகிலாவுக்கு,

கட்டை என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது, சொல்லியிருந்தால் வேதகிரி இந்நேரம் ஓடிவந்திருப்பான்.

நேற்று வாலாஜாபாத் வரைக்கும் போய்வந்தேன். லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தது. பிரேக்கை மிதிக்கும் முன் ஒரு நொடி யோசித்தேன். பதினெட்டு வயதிலிருந்து வண்டி ஓட்டுகிறேன், பிரேக் மிதிக்க யோசித்தது அதுதான் முதல் தடவை. உன்னால் வந்த வினை. பயமும் காயாத பெயிண்ட் மாதிரி போல, ஒருத்தர் தொட்டால் இன்னொருத்தருக்கு ஒட்டிக்கொள்கிறது.

மச்சான்கள் பின்னால் வேனில் வருகிறார்கள். எல்லோருக்கும் சொல்லியாயிற்று. இனி மாற்றமுடியாது.

தினகரன்


உத்திரமேரூர்
10.10.2025, வெள்ளி

அண்ணா,

உடையவில்லை. மறைக்காமல் எழுதுகிறேன். கட்டையில் இரண்டும் அசையாமல் நிற்கின்றன. செங்கேணிக்கு சந்தோஷம். "பாத்தியாக்கா, சாமி காப்பாத்திட்சி" என்கிறான். நானும் சந்தோஷப்படப் பார்க்கிறேன், முடியவில்லை. இந்த இரண்டு தப்பித்தால் அந்த எட்டும் தப்பித்தது என்று அர்த்தம் இல்லை அண்ணா. ஒரே பானைச் சோறு என்றால் ஒரு சோறு பதம் சொல்லும். இது சோறு இல்லை.

யோசித்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த யோசனைக்காக ஒரு மணி நேரம் செலவு பண்ணு. அண்ணி கேட்டால், சும்மா சரிபார்க்கிறேன் என்று சொல். பொய்தான், நான் எழுதித் தருகிறேன் அந்தப் பொய்யை. இல்லாவிட்டால் எல்லோரும் வேனிலேயே போங்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வந்தால் உன் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், குழந்தையைப் பார்க்கமாட்டேன்.

அகிலா


தென்னேரி
11.10.2025, சனி, காலை

அகிலாவுக்கு,

உன் கடிதம் முதல் பஸ்ஸில் வந்தது. உடையவில்லை என்று நீயே உன் கையால் எழுதியிருக்கிறாய். பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

அது வருவதற்கு முன்பே, உன் பயத்துக்கு மரியாதை கொடுத்து நேற்று சாயங்காலம் வண்டிக்கு அடியில் படுத்தேன். எட்டும் கெட்டியாக இருந்தது. இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் இன்னும் கால் சுற்று முடுக்கிவிட்டேன். மலைக்குப் போகிற வண்டி, கூடுதல் பலமாக இருந்தால் நல்லதுதானே. இனிமேல் யானை இழுத்தாலும் வராது.

சகுனமும் நன்றாக இருக்கிறது. காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வண்டிக் கொட்டகையில் பல்லி சொன்னது. நாஷ்டா சாப்பிடும்போது மறுபடியும். இரண்டு தடவையும் சின்னதாக, டிக் என்று ஒரே சத்தம். மஞ்சுளா தட்டை வைத்துவிட்டுத் தரையைத் தட்டினாள். "கெவுளி கெயக்கால சொல்லுதுபா, போற காரியம் ஜெயம்" என்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனசு இல்லை.

நாளை விடியற்காலை கிளம்புகிறோம். பிரசாதம் வேதகிரியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தினகரன்


உத்திரமேரூர்
11.10.2025, சனி, மத்தியானம்

அண்ணா,

கெவுளி ஒரே ஒரு தடவை டிக் என்று சொல்லுமா? நச் நச் நச் என்று நாலைந்து தடவை விடாமல் சொல்லும். உனக்குத் தெரியாதா? கால் சுற்று முடுக்கினாயா? ஏன் அண்ணா முடுக்கினாய்? முடுக்கி வைத்த இழுப்புதான் அதற்கு எமன் என்று எழுதவில்லையா நான்?

இந்தக் கடிதம் உன் கைக்கு வர சாயங்காலம் ஆகும். அதற்குள் நீ பெட்ரோல் போட வண்டியை எடுப்பாய், கழுவ எடுப்பாய். என்னால் பொறுக்கமுடியாது. அண்ணிக்கு போன் பண்ணப்போகிறேன். உன்னை மீறி யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். சொல்லப்போகிறேன். உனக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக்கூடாது, அதனால்தான் இதை எழுதி வைத்துவிட்டு போனை எடுக்கிறேன்.

அங்கே நிஜமாகவே ஒரு கெவுளி இருந்தால், நீ இன்னொரு கற்பூரம் அணைத்துக்கொள். எழுதவும்மாட்டேன் என்று அணைத்துக்கொள். பரவாயில்லை.

அகிலா


தென்னேரி
13.10.2025, திங்கள்

அன்புள்ள அகிலாவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

நீ போன் பண்ணியபோது மஞ்சுளா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கை எல்லாம் மாவு, அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "அண்ணி, கொட்டாயில கெவுளி கீதான்னு பாருங்க. வண்டிக்கு அடியில பாருங்க" என்று நீ அழுதது தெரு வரைக்கும் கேட்டிருக்கும். போனை வை என்று நான் கையை ஆட்டினேன். அவள் வைக்கவில்லை. "இன்னா இது? நீ குனிஞ்சி பாக்கறியா, நான் பாக்கட்டா?" என்றாள். உன்னைப் பொய்யாக்கவேண்டும் என்றுதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். அதுதான் உண்மை.

இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அன்றைக்கு நசுக்கிய எலுமிச்சம்பழத் தோல் காய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் இரண்டு போல்ட் தலை. 12.9 என்கிற எழுத்து மேலே தெரிந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். உடைந்த இடம் கல்கண்டை உடைத்த மாதிரி பொறபொறவென்று இருந்தது. ஒரு வளைவு இல்லை, ஒரு இழுவை இல்லை. சக்கரத்துக்குள் கைவிட்டு பிரேக்கைத் தொட்டேன். ஆடியது. டிஸ்க்கைக் கவ்வும் பாகத்தைப் பிடித்திருந்த இரண்டுமே போனதால், அந்தப் பக்கத்து பிரேக் கிட்டத்தட்ட சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

நான் கத்திவிட்டேன். மஞ்சுளாவைக் கூப்பிடுவதாகத்தான் நினைத்தேன். வாயில் வந்தது "அகிலா" என்று. வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து பார்த்தால், மஞ்சுளா மாவுக் கையோடு அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். "போச்சிபா உன் சத்தியம்" என்றாள். அப்போது போன் கட் ஆகியிருந்ததா, உனக்குக் கேட்டதா என்று தெரியாது. நான் திரும்பக் கூப்பிடவில்லை. தெரியாமல் வாய் தவறியதற்கே பயமாக இருந்தது, தெரிந்து எப்படிப் பேசுவது? குழந்தைக்கு மொட்டை போடப் போகிற நேரத்தில் முருகனிடம் வம்பு வைத்துக்கொள்ள முடியுமா?

மிச்சம் ஆறையும் கழற்றினேன். ஒன்றின் கழுத்தில் கோடு தெரிந்தது. மற்ற ஐந்தும் பார்வைக்குத் தங்கம்தான். அந்த ஐந்துக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். நீ அனுப்பிய கறுப்பு போல்ட்டை மாட்டிவிட்டேன், துரு பிடித்தால் பிடிக்கட்டும். ஆனாலும் மஞ்சுளா வண்டியில் ஏறவில்லை. நானும் ஏற்றவில்லை. வேனில் மச்சான்கள் குடும்பத்துக்கே இடம் சரியாக இருந்தது, நாங்கள் பஸ்ஸில் போனோம். ஊர் பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும். மலையிலிருந்து இறங்கும்போது டிரைவர் பிரேக் மிதித்த ஒவ்வொரு தடவையும் என் கால் தானாக பஸ் தரையை அழுத்தியது. கீர்த்தி மொட்டைத் தலையோடு என் மடியில் தூங்கினாள். சந்தனம் என் சட்டையெல்லாம். அவளைப் பிடித்த கையை வீடு வரும் வரைக்கும் எடுக்கவில்லை.

சந்நிதியில் கற்பூரம் ஏற்றினேன். முருகா, புத்தி கெட்டுப்போய் உன்னிடம் கொடுத்த சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், குற்றம் இருந்தால் என்னோடு போகட்டும் என்று சொல்லிவிட்டு, உண்டியலில் அபராதம் போட்டேன். மஞ்சுளா சாட்சி.

செங்கேணியைத் திட்டாதே. அவன் இடத்தில் நான் இருந்தாலும் பொட்டு வைத்த மெஷினைத் தொட்டிருக்கமாட்டேன். அடுத்த வருஷம் மட்டும், ஓவன் காலியான பிறகு கடைசியாக அதற்குப் பொட்டு வைக்கச் சொல்.

உன் கட்டையில் இருக்கும் இரண்டையும் கழற்றிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அது உடையும் வரைக்கும் உன் ஷெட்டில் உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஒரு வாரம் நீ எப்படி உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குத் தெரியவேண்டும். டீ போட்டு வை.

அண்ணன்


உத்திரமேரூர்
14.10.2025, செவ்வாய்

அண்ணா,

கேட்டது. போன் கட் ஆகவில்லை. நீ என் பெயரைக் கத்தியதும் வண்டி உன்மேல் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் அண்ணி சிரித்தது கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கட்டையில் இரண்டும் இன்னும் அப்படியே நிற்கின்றன. பக்கத்தில் உனக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன்.

வரும்போது பஸ்ஸிலேயே வா.

அகிலா